பதினோராவது சென்சார்

2071 மே 14, வியாழன். காலை 05:20
வெளியே 32.6 டிகிரி. உள்ளே 29.4.

ஏழாம் எண் சோதனை வீட்டின் குறிப்பேடு இது. எழுதுபவன் வே. ஆறுமுகநயினார், வயது எழுபத்தொன்று, ஓய்வு பெற்ற கட்டட வெப்பப் பொறியாளர். பிழை வந்தால் அழிக்க வசதி என்பதால் பென்சிலில் எழுதுகிறேன். பின்னால் வாசிக்கப் போகிறவர் யாரென்று தெரியாது. அவருக்கு உதவியாக, இந்தச் சோதனை நிறுவப் போகும் நான்கு முடிவுகளையும் முதலிலேயே தந்துவிடுகிறேன்.

1. வெப்பத்தடுப்புத் தாளுக்குப் பளபளப்பு மட்டும் போதாது. அதன் எதிரே ஓர் அங்குலக் காற்றிடைவெளி வேண்டும். ஒட்டி அப்பிவிட்டால் அது வெறும் அலங்காரம்.
2. ஆறு பக்கமும் தாள் போர்த்திய வீட்டில், வெளியே 54 டிகிரி அடித்தாலும் உள்ளே 35-ஐத் தாண்டாது.
3. தூசியும் ஈரமும் தாளின் எதிரிகள். கண்ணாடியாக இருக்கும்வரைதான் அது தாள்.
4. ஒரு சென்சார் மட்டும் அக்கம்பக்கத்துச் சென்சார்களிலிருந்து இரண்டு டிகிரிக்கு மேல் விலகினால், பழுது அந்தச் சென்சாரில்தான். அதன் எண்ணை நீக்கி, அக்கம்பக்கத்தின் சராசரியை அந்த இடத்தில் எழுத வேண்டும்.

நான்காவது நான் வகுத்த விதி. முப்பது ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. குடியிருப்புகளைக் கண்காணிக்கும் மென்பொருளிலும் அதைச் சேர்த்துவிட்டார்கள். இங்கே வேலை செய்பவர்கள் அதைப் ‘பெரியவர் ரூல்’ என்கிறார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும். மறுத்துச் சொன்னதில்லை.

வீடு தேரிக்காட்டுச் செம்மணலின் நடுவே தனியாக நிற்கிறது. ஒரே அறை, இருபதடிக்குப் பதினாறடி. சன்னல் இல்லை. சுவர், கூரை, தரை, கதவின் உட்புறம் எல்லாவற்றிலும் தாள். கூரைக்கு இரண்டடி கீழே தாளாலேயே ஒரு பொய்க்கூரை. இடையில் பரண் போன்ற இடம். கம்பிகள் அங்கே ஓடுகின்றன. பொய்க்கூரையிலிருந்து பதினாறு சென்சார்கள் நெஞ்சு உயரத்துக்குத் தொங்குகின்றன. ஒரு கைவிளக்கை ஏற்றினால் போதும், அறை முழுவதும் விடிந்துவிடுகிறது. வேலையாட்கள் இதை ஜிகினா வீடு என்கிறார்கள்.

இன்று முதல் மூன்று நாளும் சிவப்பு நாட்கள். வெளியே ஐம்பதைத் தாண்டும். காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை ஆள் நடமாடக் கூடாது. அதற்காகவே இந்த நாட்களைத் தேர்ந்தோம். ஆறரை மணிக்கு வீட்டை மூடினால் எழுபத்திரண்டு மணி நேரம் கழித்துத்தான் திறப்பது.

காலை 06:05. உள்ளே 29.5.

பதினாறும் சரி. கைபேசியைக் கட்டுப்பாட்டு அறை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டேன். வீட்டுக்குள் வெப்பம் விடும் பொருள் எதுவும் கூடாது என்பது என் ஏற்பாடு. தாளில் தூசி படக்கூடாதென்று செருப்பை வாசலில் விட்டிருக்கிறேன். ஈர-உலர் வெப்பமானி, நோட்டு, தண்ணீர்ப் புட்டி, கைவிளக்கு ஆகியவை என்னிடம். வெளியேறும்போது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

பதினோராவது சென்சாரின் முடிச்சு இறுகியிருக்கிறதா என்று ஒரு சந்தேகம். இரண்டு முறை பார்த்தாயிற்று. மூன்றாம் முறையும் பரணில் ஏறிப் பார்த்துவிடுகிறேன்.

காலை 06:50. உள்ளே 29.9.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஏணியில் ஏறி, பரணில் தவழ்ந்து, பதினோராவது கம்பிக்கு இரண்டாவதாக ஒரு முடிச்சுப் போட்டேன். அப்போது ஒட்டான் வந்துவிட்டது. கதவைச் சாத்தி இடுக்குகளில் நாடா ஒட்டும் எந்திரத்துக்கு இங்கே அந்தப் பெயர். மூடும் முன் உள்ளே ஆள் இருக்கிறாரா என்று அதன் வெப்பக்கண் பார்க்கும். அது பார்த்தது. எனக்கும் அதற்கும் நடுவே பொய்க்கூரைத் தாள். என் உடம்பின் வெப்பத்தைத் தாள் எனக்கே திருப்பிவிட்டது. எந்திரத்துக்குக் குளிர்ந்த கண்ணாடி மட்டும் தெரிந்திருக்கும். ஏணியைப் பார்த்தாவது சந்தேகப்பட்டிருக்கலாம், ஆனால் அது பார்ப்பது வெப்பத்தை மட்டும்.

நான் கூப்பிட்டேன். சத்தமாகக் கூப்பிட்டேனா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கதவு எஃகு. வெளியே தாழ், அதன் மேல் நாடா. சுவர் எட்டு அங்குலம். கட்டுப்பாட்டு அறை நானூறு மீட்டர் தள்ளி, மணலுக்கு அடியில். முட்டி ஓய்ந்த பிறகு மணி பார்த்தேன். பதினெட்டு நிமிடம் முட்டியிருக்கிறேன்.

ஏழு மணி வண்டியில் நான் ஊருக்குப் போய்விடுவேன் என்று நினைப்பார்கள். வேலையாக இருப்பவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று சொல்லிக்கொள்ளாமல் போவது என் வழக்கம். வீட்டில் தனியாள். ஓசூரில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவாள். இன்று வியாழன்.

காலை 07:35. உள்ளே 30.2. ஈரக்குமிழ் 24.8.

கதவருகே ஒரு பேச்சுப்பெட்டி இருக்கிறது. கம்பி வழியாகக் கட்டுப்பாட்டு அறையோடு இணைந்தது. அங்கே ஒரு பொத்தான். அதை அழுத்தினால் அவர்கள் பேச்சு இங்கே கேட்கும். விட்டால் இங்குள்ள பேச்சு அங்கே கேட்கும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான்.

சற்று முன் ஏதோ கனமாக வைக்கும் சத்தம். பிறகு பேச்சு வரத் தொடங்கியது, நிற்கவில்லை. பொத்தானின் மேல் எதையோ வைத்துவிட்டார்கள். அவர்கள் பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கிறது. அதனாலேயே நான் பேசுவது அவர்களுக்குக் கேட்காது.

இருவர்தான். பொறியாளர் ஜெசிந்தா, தொழில்நுட்பர் சுடலைமணி. கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

ஜெசிந்தா: “சுடலண்ணே, பிளாஸ்க்க அங்ஙனயா வைப்பீங்க?”

சுடலை: “வேற எங்க வைக்க? மேசை பூரா ஒங்க பேப்பருல்லா கெடக்கு.”

ஜெசிந்தா: “சரி, இந்தக் கேமராவப் பாருங்க. ஏழாம் நம்பர் வாசல்ல என்னது, செருப்பா?”

சுடலை: “ஆமா மேடம். கொத்தனாரு திருஷ்டிக்குப் போட்டுருப்பாரு. புது வீடுல்லா.”

ஜெசிந்தா: “திருஷ்டிக்குன்னா மேல கட்டித் தொங்கவிடுவாங்க. இது கீழ கெடக்கு?”

சுடலை: “காத்துல விழுந்துருக்கும். பிய்ஞ்சு போய்க் கெடக்கு, பாருங்க. திருஷ்டிக்குத் தவிர இத எந்த மனுசன் கால்ல மாட்டுவான்?”

ஜெசிந்தா: “ஒட்டானவிட்டு எடுத்துறச் சொல்லவா?”

சுடலை: “ஐயையோ, கைய வச்சுராதீங்க. டெஸ்டு பெயிலாச்சுன்னா பெரியவரு நம்மளத்தான் பாப்பாரு. ஒரு வார்த்த ஏச மாட்டாரு, பாத்துக்கிட்டே நிப்பாரு. அதுக்கு ரெண்டு அடி அடிச்சாக்கூடத் தேவல.”

ஜெசிந்தா: “அவரு கெளம்பிட்டாரா?”

சுடலை: “ஏழு மணி வண்டில போயிருப்பாரு. எப்பம் அவரு சொல்லிட்டுப் போனாரு? பூனை கணக்கால்லா போவாரு.”

அந்தச் செருப்பை வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வலது காலில் நீல நூலால் தைத்திருக்கிறது. இன்னும் நன்றாகத்தான் உழைக்கிறது.

காலை 10:40. வெளியே 47 இருக்கலாம். உள்ளே 30.9. ஈரக்குமிழ் 27.1.

என்னிடம் பதினாறு சென்சார்கள் இருக்கின்றன. அவற்றின் எண்கள் அவர்கள் திரையில் ஓடுகின்றன. ஆகவே எனக்கு வாய் இருக்கிறது. இதை யோசிக்க மூன்று மணி நேரம் பிடித்தது.

பதினோராவதை உள்ளங்கையில் பொத்தினேன். மூன்று நிமிடம் பொத்தி, மூன்று நிமிடம் விட்டு, மீண்டும் பொத்தி. இயற்கையில் எதுவும் இப்படி ஏறி இறங்காது.

சுடலை: “மேடம், பதினொண்ணு ஏறுது. முப்பத்தஞ்சு. பக்கத்துல எல்லாம் முப்பத்தொண்ணு.”

ஜெசிந்தா: “ரூல் என்ன பண்ணுச்சு?”

சுடலை: “தூக்கிட்டு. இப்பம் முப்பத்தொண்ணுன்னு காட்டுது. உள்ள பாத்தா அது பாட்டுக்கு ஏறி எறங்கி ஆடிக்கிட்டிருக்கு, சாமி வந்த மாதிரி.”

ஜெசிந்தா: “லூஸ் கனெக்‌ஷனா இருக்கும். பழுதுன்னு குறிச்சுட்டு விடுங்க.”

சுடலை: “குறிச்சாச்சு. பெரியவரு ரெண்டு தடவ ஏறிப் பாத்த சென்சாரு மேடம் இது. அவரு பாத்ததுதான் மொதல்ல போகுது.”

சிரிக்கிறார்கள். அவர்கள் மேல் தவறில்லை. விதிப்படி செய்தார்கள். நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

பிற்பகல் 01:30. வெளியே 54.1 (சுடலை வாசித்தது). உள்ளே 32.8. ஈரக்குமிழ் 30.2.

வெளியே ஐம்பத்துநான்கு. உள்ளே முப்பத்துமூன்றுகூட இல்லை. சுவரில் கைவைத்துப் பார்த்தேன். வெயில் அடிப்பதே தெரியவில்லை. இந்த நிலையிலும் மனதுக்குள் ஒரு சின்ன மகிழ்ச்சி வந்ததை மறைக்க விரும்பவில்லை.

கவலை ஈரக்குமிழில் இருக்கிறது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி அது. அது முப்பத்தைந்தைத் தொட்டால் வியர்வை உலராது. வியர்வை உலராவிட்டால் உடம்பின் சூடு வெளியேறாது. இந்த அறையில் காற்றும் வெளியேறாது, ஈரமும் வெளியேறாது. என் மூச்சும் வியர்வையும் இங்கேயே சேர்கின்றன. இதற்கு முன் ஆறு வீடுகளைச் சோதித்திருக்கிறோம். ஆறும் காலி வீடுகள். உள்ளே ஆளை வைத்துச் சோதித்ததே இல்லை; ஆள் இருந்தால் அளவு கெட்டுவிடும் என்று நான்தான் சொன்னேன்.

தண்ணீர் அரைப் புட்டி.

மாலை 04:15. உள்ளே 33.4. ஈரக்குமிழ் 31.6.

ஒரு பிழை செய்துவிட்டேன்.

நான்கு மணிக்குப் பேச்சுப்பெட்டியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். அவர்கள் பேச்சு அறுந்தது. தேநீருக்காகப் பிளாஸ்க்கை எடுத்திருக்கிறார்கள். அதாவது, வழி திறந்துவிட்டது. ‘காப்பாத்துங்க’ என்று ஒரு சத்தம் போட்டிருக்க வேண்டும்.

நான் தொண்டையைச் செருமினேன். வாக்கியத்தை மனதுக்குள் அமைத்துக்கொண்டேன். பிறகு சொன்னது இது: “மன்னிக்கணும். நான் ஆறுமுகநயினார் பேசுறேன். உங்க வேலைக்கு நடுவுல தொந்தரவு கொடுக்கிறதுக்கு...”

மறுபடி ‘டக்’. பிளாஸ்க் பொத்தானுக்கு வந்துவிட்டது.

சுடலை: “யாரும் கூப்ட்டாங்களா மேடம்?”

ஜெசிந்தா: “இல்லியே. நான் ஒண்ணும் சொல்லல.”

சுடலை: “என்னவோ மொணமொணன்னு கேட்ட மாதிரி இருந்துச்சு. ஃபேன் சத்தமா இருக்கும்.”

நாற்பது விநாடி கிடைத்தது. முதல் இருபதை வாக்கியம் அமைக்கச் செலவழித்தேன்.

2071 மே 15, வெள்ளி. காலை 06:10
உள்ளே 33.1. ஈரக்குமிழ் 32.7.

பேச்சுப்பெட்டிக்கு அடியிலேயே கிடந்தேன். பிளாஸ்க் இன்னும் எடுக்கப்படவில்லை. அந்தப் பக்கம் சுடலைமணியின் குறட்டை ஒரே சீராகக் கேட்டது. அது துணையாகக்கூட இருந்தது.

விளக்கைப் போட்டேன். தாள் முழுவதும் பனித்திருக்கிறது. என் வியர்வை. பளபளப்பு மங்கிச் சாம்பலாகத் தெரிகிறது. மூன்றாவது சரி. விரலால் ஒரு கோடு இழுத்தேன். கோட்டுக்குள் மட்டும் என் கண் தெரிந்தது.

தண்ணீர் தீர்ந்தது. தாளை நக்கலாம். பசையின் கசப்பு இருக்கிறது, பரவாயில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டாம் வீட்டைப் பற்றி எழுத வேண்டும். எழுதாமல் வைத்திருந்தேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், இதே தாள் போர்த்திய முதல் குடியிருப்பு. முந்நூறு வீடுகள், வீட்டுக்கு நான்கு சென்சார்கள். சிவப்பு நாட்கள் முடிந்த பின் எண்களைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டவன் நான். 212-ஆம் வீட்டில் பின்னறைச் சென்சார் மட்டும் நாற்பத்தொன்று காட்டியது. மற்ற மூன்றும் முப்பத்துமூன்று. விதி அதை நீக்கியிருந்தது. நீக்கப்பட்டவற்றின் பட்டியல் கடைசிப் பக்கத்தில் இருக்கும், அதையும் வாசித்தேன். ‘பழுது’ என்று ஓரத்தில் டிக் செய்தேன்.

அந்த அறையின் காற்றுவிசிறி நின்றுபோயிருந்தது. உள்ளே தங்கபுஷ்பம் என்ற பெண் தையல் எந்திரத்தோடு இருந்தார், இஸ்திரிப் பெட்டியும் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பு நாள் என்பதால் கதவு சாத்தியிருந்தது. நான்காம் நாள்தான் திறந்தார்கள். வயது நாற்பத்துநான்கு. காரணம் ‘வெப்ப நோய்’ என்று அறிக்கை வந்தது. வீட்டின் மேல் குறை எழுதப்படவில்லை, வீட்டின் எண்கள் சரியாக இருந்தன அல்லவா. அந்தச் செய்தியை வாசித்தபோது பட்டியல் நினைவுக்கு வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சென்சாரும் பழுதாக இருந்திருக்கலாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நேற்று பதினோராவது எப்படி நீக்கப்பட்டது என்பதைக் காதால் கேட்டேன். சரியாக மூன்று விநாடி ஆயிற்று.

காலை 09:20. உள்ளே 33.9. ஈரக்குமிழ் 33.6.

நாடித்துடிப்பு 112. எழுத்து கோணுவதற்குப் பொறுத்துக்கொள்ளவும்.

ஒரு வழி தோன்றியிருக்கிறது. விதி, விலகும் ஒன்றைத்தான் நீக்கும். பதினாறும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொன்னால் விதிக்கு அது உண்மை. பதினாறையும் என் உடம்போடு சேர்த்துக் கட்டினால், பதினாறும் உடம்பின் சூட்டையே காட்டும். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்.

அதற்குக் கம்பிகளை நடுவுக்கு இழுக்க வேண்டும். பரணில் மிச்சக் கம்பி சுருட்டி இருக்கிறது. ஆனால் பொய்க்கூரைத் தாளைக் கிழிக்க வேண்டும். ஏழாம் வீடு கெட்டுவிடும், சோதனை போய்விடும். இதற்குப் பின்னால் நான்காயிரம் வீடுகள் காத்திருக்கின்றன. யாரிடம் அனுமதி கேட்பது என்று சிறிது நேரம் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சோதனைப் பொறுப்பாளரிடம் கேட்க வேண்டும். சோதனைப் பொறுப்பாளர் நான்தான்.

காலை 11:40. உள்ளே 34.5. ஈரக்குமிழ் 34.4.

கிழித்துவிட்டேன்.

இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஏணியிலிருந்து ஒருமுறை விழுந்தேன். இடது முழங்கால் மடங்கவில்லை. அறையின் நடுவே படுத்திருக்கிறேன். பதினாறையும் நெஞ்சிலும் அக்குளிலும் வைத்துச் சட்டையால் சுற்றிக் கட்டியிருக்கிறேன். பேச்சுப்பெட்டி பத்தடி தள்ளி இருக்கிறது. இனி எழுந்து போக முடியாது. கேட்க மட்டும் முடியும்.

நண்பகல் 12:05.

கேட்பதை அப்படியே எழுதுகிறேன். எழுதாவிட்டால் தூங்கிவிடுவேன்.

சுடலை: “மேடம்! போச்சு! ஜிகினா வீடு படுத்துட்டு!”

ஜெசிந்தா: “என்னண்ணே?”

சுடலை: “பதினாறும் குப்புனு ஏறிட்டு. முப்பத்தெட்டு புள்ளி ஆறு. எல்லாம் ஒரே நம்பரு.”

ஜெசிந்தா: “ரூல்?”

சுடலை: “ரூல் கம்முனு இருக்கு. எல்லாந்தான் ஒத்துப் போகுதே, அது எதத் தூக்கும்?”

ஜெசிந்தா: “தாள் போச்சுன்னா இன்னும் ஏறணுமே. வெளிய அம்பத்திமூணு. இது முப்பத்தெட்டு ஆறுல ஏன் நிக்கி?”

சுடலை: “வீட்டுக்குக் காய்ச்சல் மேடம். ஒரு பாராசிட்டமால் போட்டா சரியாப் போயிரும்.”

நான்தான் என்று படுத்தபடியே சொன்னேன். காற்றுத்தான் வந்தது.

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம்.

ஜெசிந்தா: “அண்ணே. இப்ப என்ன சொன்னீங்க?”

சுடலை: “கேலிக்குச் சொன்னேன் மேடம். ஏன் இப்பிடி முழிக்கீங்க?”

ஜெசிந்தா: “அந்தச் செருப்பப் பெருசு பண்ணுங்க. இன்னும். வலது செருப்பு.”

சுடலை: “நீல நூலு தச்சுருக்கு.”

ஜெசிந்தா: “அது திருஷ்டிக்குப் போட்டது இல்லண்ணே. நயினார் சார் செருப்பு. பதினஞ்சு நாளா படிக்கட்டுல எனக்கு முன்னால ஏறி எறங்குன செருப்பு.”

சுடலை: “அவருதான் ஊருக்கு...”

ஜெசிந்தா: “செருப்பு இல்லாமயா? இந்த மணல்ல? போனு அடிங்க.”

மணி அடித்தது. பேச்சுப்பெட்டி வழியாகத்தான் கேட்டது. என் கைபேசி. அவர்கள் மேசையின் இழுப்பறையில். யாரும் எடுக்கவில்லை. ஆறு முறை அடித்து நின்றது.

சுடலை: “யம்மா. யம்மா. நேத்துலருந்தா?”

ஜெசிந்தா: “இந்த பிளாஸ்க்... ஐயோ அண்ணே, பொத்தான் மேல வச்சுருக்கீங்க!”

‘டக்’. வழி திறந்தது. இந்தமுறை வாக்கியம் எதுவும் அமைக்கவில்லை. கத்தினேன். தாளில் நகம் உரசுவது போல ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். பத்தடி.

‘டக்’.

ஜெசிந்தா: “ஒண்ணும் கேக்கல. சார், நான் ஜெசிந்தா. ரூல ஆஃப் பண்ணிட்டேன். எல்லா நம்பரும் அப்படியே தெரியுது. நான் பேசுறது கேக்குதுன்னா பதினொண்ணாவத மட்டும் விட்ருங்க. பதினொண்ணு மட்டும் சார்.”

எண் எழுதிய சீட்டுகள் வியர்வையில் அழிந்துவிட்டன. மூக்குக்கண்ணாடி பனித்துவிட்டது. ஒவ்வொரு கம்பியாகத் தடவினேன். ஒரு முடிச்சு. ஒரு முடிச்சு. ஒரு முடிச்சு. ஒன்றில் மட்டும் இரண்டு. உள்ளே மாட்டிக்கொள்ளக் காரணமான அந்த இரண்டாவது முடிச்சு.

சட்டைக்குள்ளிருந்து உருவி, நீட்டிய கையில் தூக்கிப் பிடித்தேன்.

சுடலை: “முப்பத்தொம்பது. முப்பத்தெட்டு. மேடம், எறங்குது! பதினொண்ணு மட்டும் எறங்குது! இருக்காரு மேடம், மனுசன் இருக்காரு!”

12:25. ஈரக்குமிழ் 34.7 (பிறகு பார்க்க முடியவில்லை)

ஒட்டான் வராது. சிவப்பு நாளில் பத்து மணிக்கு மேல் அதன் மின்கலம் தாங்காது. அவர்கள் நடந்து வரப் போகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வழியில்லை. வேண்டாம் என்று சொல்ல மனமும் இல்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

சுடலை: “நானூறு மீட்டரு மேடம். அம்பத்திமூணு. சுருண்டு விழுந்துருவோம்.”

ஜெசிந்தா: “அந்த ஜிகினா ரோல எடுங்க. போத்திக்கிட்டுப் போவோம்.”

சுடலை: “இறுக்கிச் சுத்தாதீங்க. ஒரு அங்குலம் விடணும். அதத்தான அந்த மனுசன் தெனம் நம்ம உயிர எடுத்தாரு. உள்ள ஈரச்சாக்கு, வெளிய தாளு, நடுவுல காத்து.”

ஜெசிந்தா: “பளபளப்பு வெளிய.”

சுடலை: “வெளியதான். வாங்க. சார், வாறோம். தூங்கிராதீங்க என்னா. ஒங்க செருப்ப நானே எடுத்துத் தாரேன், ஏசாதீங்க.”

கதவு சாத்தும் சத்தம். பிளாஸ்க்கை மறுபடி பொத்தான் மேலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்; பேச்சுப்பெட்டியில் மின்விசிறி மட்டும் கேட்கிறது.

நடக்க ஏழு நிமிடம். மணலில் பத்து. நாடாவைக் கையால் உரிக்க இருபத்தைந்து, ஒருவேளை முப்பது. எஃகுக் கதவு வெயிலில் எழுபது டிகிரி இருக்கும். கையுறை எடுத்தார்களா. தெரியவில்லை.

12: (முள் சரியாகத் தெரியவில்லை)

திரையைப் பார்க்க அங்கே யாரும் இல்லை. பதினைந்து சென்சார்கள் என்னைக் காட்டிக்கொண்டிருக்கும். நாற்பதாக இருக்கலாம். வியர்வை நின்றுவிட்டது.

விளக்கு மங்குகிறது. கிழித்த தாள் மேலே தொங்குகிறது. அதில் ஒரு கிழவர் படுத்திருக்கிறார். சட்டை இல்லை. கையை நீட்டி வைத்திருக்கிறார். ஏன் இன்னும் நீட்டியிருக்கிறார். இறக்கினால் பதினொன்று மறுபடி ஏறிவிடும் என்று

கதவில் சுரண்டும் சத்தம். என் காதுக்குள் ஓடும் ரத்தமாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

வாசிப்பவருக்கு. முடிவுகள்.

ஒன்று, சரி. அவர்கள் அதைப் போர்த்திக்கொண்டு வருகிறார்கள்.

இரண்டு, சரி. 35-ஐத் தாண்டவில்லை. தாண்டாமலே ஆளைக் கொல்லும் என்பதை அதன் கீழே சேர்த்து எழுதவும்.

மூன்று, சரி.

இருநூற்றுப் பன்னிரண்டாம் வீடு மட்டும் இல்லை. அந்தக் கடைசிப் பக்கத்தில் பத்தொன்பது வரிகள் இருந்தன. பத்தொன்பதிலும் டிக் செய்தவன் நான். நீலக் கோப்பு, என் அலமாரியில் இரண்டாம் தட்டு. எடுத்துப் பார்க்கவும். அந்த வீடுகளில் இப்போதும் ஆட்கள் இருக்கிறார்கள். இன்றும் சிவப்பு நாள்.

நான்கு, தவறு. ஒன்று மட்டும் தனியாக வேறு எண் சொன்னால் அதை நீக்கக் கூடாது. செருப்பை மாட்டிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும்.